கச்சானுக்குக் காட்டி வாங்கிய பட்டி

எல்லாம் அறிந்த அல்லாஹ்வின் பெயர் சொல்லித் தொடங்குகின்றோம்.

கரைவாகு மண் பெற்ற கண்ணியமே! கடல் தாண்டி வந்த சரக்கைக் கண்ணால் அளந்து, கையால் அறிந்து, எங்களைக் காத்த காவலரே! எங்கள் இறக்குமதி முகாமையாளர், அன்பின் ஜவுபர் காக்கா அவர்களே!

பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டியில் அப்படி என்ன பெருமை என்று இங்கு வந்திருக்கும் பிள்ளைகள் கேட்கலாம். சம்மாந்துறை ஆலையின் அரிசிப் பொதியும், மருதமுனைத் தறியின் சாறன் கட்டும், ஒலுவிலின் மீன் பெட்டியும் அந்த மெல்லிய பட்டியை நம்பித்தான் லொறி ஏறுகின்றன. அதுவோ சீனத்திலும் வியட்நாமிலும் துருக்கியிலும் உருக்கி இழுக்கப்பட்டு, சுருளாகக் கப்பலேறி வருகின்றது. எங்கோ எண்ணெய் விலை ஏறினால் இங்கே பட்டி மெலிகின்றது. எங்கோ ஒரு கடல்வழி அடைபட்டால் இங்கே எங்கள் பொதிகட்டும் கூடம் கைகட்டி நிற்கின்றது. அந்த நீண்ட இழுப்பின் இந்த நுனியில் நின்றவர் நீங்கள்.

நீங்களும் ஒருமுறை ஏமாந்தீர்கள். மாரியில் வந்த மாதிரித் துண்டைக் குளிரூட்டிய அறையில் இழுத்துப் பார்த்து, நல்லதென்று நம்பி ஒரு கொள்கலன் வாங்கினீர்கள். அதைப் பிரித்தபோது கோடையின் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. தகரக் கூரையின் கீழ், அந்த வறண்ட காற்றில், பட்டி அப்பளமாய்க் காய்ந்தது. இறுக்கும்போது அறுந்து தெறித்த நுனி எங்களோடு பொதி கட்டும் றுக்ஸானாவின் புருவத்தைக் கிழித்தது. சற்றுக் கீழே பட்டிருந்தால் கண்!

“கப்பலேறி வந்த சாமானத் திருப்பி அனுப்பேலுமா? கண்ணாடி போட்டுக்கிட்டுக் கட்டுங்க புள்ளயள்” என்றார் முதலாளி சுபியான் ஹாஜியார். (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதினோம்.) நீங்கள் பட்டி இறுக்கும் கருவியைக் கையில் எடுத்தீர்கள். “வாங்கினவன் நான், ஹாஜியார். நானே கட்டுறன். நீங்க பக்கத்துல வந்து நில்லுங்க.” பட்டி அறுந்தது. ஹாஜியார் துள்ளி விலகி, “போதும் ஜவுபர், கொன்டெய்னர மூடுங்க, திருப்பி அனுப்புவம்!” என்றார்.

ஆய்வுகூடச் சான்றிதழ் இருக்கின்றதே என்றான் விற்றவன். “அவன்ட ஆய்வுகூடத்துல கச்சான் அடிக்கிறல்லயே!” என்றீர்கள் எங்களிடம்.

அதன்பின் உலகத்து வியாபாரிகளின் மாதிரிப் பட்டிகள் எல்லாம் நம் பின்வேலியில், கச்சானைப் பார்த்தபடி தொங்கின. “என்ன காக்கா, கலியாண வீடா?” என்றது தெரு. “ஓம், மாப்புள பாக்கிறம்” என்றீர்கள். அவசரப்படுத்திய விற்பனையாளருக்கெல்லாம் ஒரே மறுமொழி: “கச்சான் அடிக்கட்டும், மறுகா கதைப்பம்.” வேலியில் தேறி வந்த சுருளிலும் முதல் பட்டியை நீங்கள்தான் இறுக்கினீர்கள். நாங்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றோம். நீங்கள் “வேணாம்” என்றால் கொள்கலனே திரும்பியது. அந்த ஒரு சொல்தான் எங்கள் கண்களுக்குக் காவல்.

ஆகவே, ஐயா, நீங்கள் ஓய்வு பெறுகின்றீர்கள் என்றதும் மாலையும் பொன்னாடையும் எங்கள் நினைவில் வரவில்லை. இனி யார் “வேணாம்” என்பார் என்றே அஞ்சினோம். அந்த அச்சம் உங்களுக்கும் இருந்தது. “புதுக் கொன்டெய்னர் கடல்ல வருகுது. முதல் பட்டிய வந்து கட்டித்தந்திட்டுத்தான் வீட்ட இருப்பன்” என்றீர்கள்.

வேண்டாம், காக்கா. ஹாஜியார் இன்று காலை எங்கள் எல்லோர் முன்னும் வாக்குத் தந்துவிட்டார். திருப்பி அனுப்பும் அந்த உரிமை இனி றுக்ஸானாவுக்கு. முதல் பட்டியை அவள் இறுக்குவாள். அந்தப் புருவத்துத் தழும்பை விடக் கவனமான சாட்சி நம்மிடம் யார்?

ஆனாலும் அன்றைக்கு வாருங்கள். கருவியைத் தொடாதீர்கள். ஒருமுறையாவது நீங்கள் எங்களுக்குப் பின்னால் நில்லுங்கள்.

வல்ல நாயன் உங்கள் ஆயுளை நீட்டி, உடலுக்குச் சுகமும் உள்ளத்துக்கு அமைதியும் தந்தருள்வானாக! ஆமீன்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் கண் நலமாய் நின்ற,
பொதிகட்டும் கூடத்து ஊழியர்கள்,
கல்முனைக்குடி.