வண்டி கிளம்பிடுச்சு

இரவு பதினொன்றரைக்கு மேல் தொலைக்காட்சியில் போடும் படங்கள்தான் உருப்படியான படங்கள் என்பது என் கட்சி. மாலையில் போடும் படத்துக்கு ஆயிரம் யோசனை இருக்கும். பிள்ளைகள் விழித்திருக்கிறார்களா, எந்த இடத்தில் விளம்பரத்தைச் செருகினால் ஆள் எழுந்து போகமாட்டான், இப்படி. பதினொன்றரைக்கு மேல் ஒரு யோசனையும் கிடையாது. கைக்கு அகப்பட்டதைப் போட்டுவிட்டு நிலையத்துக்காரர்கள் தூங்கப் போய்விடுவார்கள் போலிருக்கிறது. அதனால்தான் அந்த நேரத்தில் நல்லது வருகிறது.

பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. என் அண்ணன் இறந்த அன்று நான்கு நிமிடம் பத்தொன்பது விநாடி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குத்தான் வருகிறேன். படங்களிலிருந்து தொடங்காவிட்டால் என்னை வெறும் சோம்பேறி என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். நான் சோம்பேறி இல்லை. நான் வேலை பார்க்கும் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.

சினிமாவில் எனக்குப் பிடிக்காதது சாவு. சாவே கூடாது என்றில்லை, சாகத் தெரியவில்லை என்கிறேன். வயிற்றில் கத்தியோடு ஒருவன் தங்கைக்குக் கல்யாணம் செய்து வைக்கச் சொல்லி, நண்பனிடம் மன்னிப்புக் கேட்டு, பழைய பகையைத் தீர்த்துவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பான். போதாததற்குப் பின்னால் பத்து வயலின். பெரிய நடிகர்களை நான் பார்ப்பதே இல்லை. கதவைத் திறந்து "டாக்டர் வந்துட்டார்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பவனைத்தான் பார்ப்பேன். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவன் முகத்தில் பொய் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரே நல்ல நடிப்பு அதுதான்.

இதையெல்லாம் நான் அண்ணியிடம்தான் சொல்வேன். எனக்குப் பதின்மூன்று வயதானபோது அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா, அம்மா இருவருமே அப்போது இல்லை. என் சட்டைக்கு இஸ்திரி போட்டதும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், வேலை கிடைத்த அன்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனதும் அவர்தான். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பத்து மணிக்கெல்லாம் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். கூடத்தில் நானும் அண்ணியும், மடிக்க வேண்டிய துணிக் குவியலும், தொலைக்காட்சியும் மிஞ்சுவோம்.

அண்ணி அழுமூஞ்சி. கதாநாயகி அழுவதற்கு முன்னால் இவர் அழுதுவிடுவார். இரண்டு படங்களுக்கு நடுவில் முடி வளர எண்ணெய் விற்க ஒருத்தர் வருவார். அவர் தம் பழைய வழுக்கையைப் பற்றி உருகும்போதுகூட அண்ணிக்குக் கண் கலங்கும். "அது விக்கு அண்ணி" என்பேன். "தெரியும், அதுக்காக அந்தாளு பட்ட கஷ்டம் இல்லைன்னு ஆயிடுமா" என்பார். காலையில் அண்ணன் கேலி செய்வார். "ராத்திரியெல்லாம் எவனுக்கோ அழுதுட்டு, எனக்கு ஆறிப்போன டீயக் குடுக்குறா, பாரு."

ஒருநாள் நான் வழக்கம்போல ஒரு தாயின் ஒப்பாரியைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அழறவங்கள நம்பிடணும் தம்பி. நடிப்பாவே இருக்கட்டும். நம்பிட்டுப் போனா நமக்கென்ன குறைஞ்சிடும்?"

எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. ரசனை இல்லாதவர்கள் பேசுகிற பேச்சு அது.

இனி வேலைக்கு வருகிறேன். அவசர வண்டிக்கான அழைப்பு மையத்தில் எட்டு மேசைகள். எந்த அழைப்பு யாருக்கு வரும் என்பது எங்கள் கையில் இல்லை. காதில் ஹெட்போன், எதிரே கணினி. முதலில் முகவரியைக் கேட்டு அடிக்க வேண்டும். பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு வரி. பிறகு 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் "வண்டி கிளம்பிடுச்சு" என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

சேர்ந்த புதிதில் நான் பொய் அழைப்புகளைப் பிடிப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன். சும்மா விளையாட்டுக்குக் கூப்பிட்டு வண்டியை அலையவிடுகிறவர்கள் நிறைய. "ஐயோ, சீக்கிரம் வாங்க, எங்கப்பா துடிக்கிறாரு" என்பான். அந்த 'ஐயோ' எந்தப் படத்திலிருந்து வந்தது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் சிரித்துவிடுவான். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் என்னைத் தட்டிக்கொடுத்தார். "இவன் காதுக்குத் தப்ப முடியாதுப்பா" என்றார். சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். கூடுதலாகக் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. மையமே எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் தப்பில்லை.

பிறகு ஒரு பெரியவர் கூப்பிட்டார். மனைவி குளியலறையில் விழுந்துவிட்டாராம். முகவரியை அழகாகச் சொன்னார். அடித்து முடித்துவிட்டேன். பொத்தானுக்கு விரல் போகும்போது அவர், "கால் சில்லுனு இருக்கு. சாக்ஸ் போட்டுவிடவா?" என்று கேட்டார். கடையில் விலை கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். எத்தனையோ வருடமாகப் படம் பார்க்கிறேன், அப்படி ஒரு வசனம் கேட்டதில்லை.

பொத்தானை அழுத்தியதும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "வண்டி கிளம்பிடுச்சு" என்றதும் எல்லாக் குரலும் ஒரே மாதிரி தளர்ந்துவிடும். அழுவார்கள், கும்பிடுவார்கள், சாமியைக் கூப்பிடுவார்கள். படம் முடியப்போகிறதென்று தெரிந்ததும் செருப்பைத் தேடும் கூட்டத்தைப்போல ஆகிவிடுவார்கள். அதற்குமேல் அங்கே கேட்க ஒன்றும் இருக்காது. அதனால் "எந்தக் கால்ங்க?" என்று ஒரு கேள்வி கேட்டேன். பதினொரு விநாடி ஆயிற்று. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

பதினொரு விநாடி இருபதாயிற்று, நாற்பதாயிற்று. கணினியில் 'முகவரி தெளிவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டால் எவ்வளவு நேரம் பேசினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து வண்டி போய்ச் சேரும்வரைதான் மேற்பார்வையாளர் நேரம் பார்ப்பார். அதற்கு முந்தைய நேரம் எந்த அறிக்கையிலும் வராது. இது மையத்தின் ஓட்டை. நீங்கள் சொல்லி அடைக்கவைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் என் மேசையிலிருந்து எடுத்துப்போன நோட்டில் இருப்பவை, கூப்பிட்டவர்களின் பேச்சுக்கு நான் போட்ட மதிப்பெண்கள். பத்துக்கு எவ்வளவு என்று. பெரும்பாலும் மூன்றும் நான்கும்தான் இருக்கும், நான் தாராளமாகப் போடுகிறவன் இல்லை. ஒன்பது ஒரே ஒருவருக்கு. துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண். கூட வேலை செய்கிறவர் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடி. அந்தப் பெண் நடுநடுவே கடைக்கு வந்தவர்களிடம், "இன்னிக்குக் கடை இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டே என்னிடம் பேசினாள். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அவர் எப்படியும் பிழைத்திருக்கமாட்டார் என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். யாரிடம் கேள்விப்பட்டேன் என்பது இப்போது நினைவில்லை.

அதற்குப் பிறகு இரவுப் படங்கள் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டன. அண்ணிக்காக உட்கார்ந்திருந்தேன். "என்ன தம்பி, இப்பல்லாம் ஒண்ணுமே திட்ட மாட்டேங்கிற, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன்.

அன்று காலை பதினொன்று பத்துக்கு அழைப்பு வந்தது. நான் வழக்கமான வரியைச் சொன்னேன். மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "தம்பி, நீதானா? நல்லதாப் போச்சு."

"சொல்லுங்க அண்ணி."

"உங்க அண்ணன் விழுந்துட்டார். மாடிப்படி கிட்ட. கண்ணு தொறந்துதான் இருக்கு. என்னப் பார்க்கல."

முகவரியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. என் கை தானாகவே அடித்துவிட்டது. அடுத்தது பொத்தான். அண்ணி இனி ஓவென்று அழுவார், அதைக் கேட்கச் சகிக்காது, சட்டென்று அழுத்திவிடலாம் என்றுதான் விரலைக் கொண்டுபோனேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். விரல் போனது.

அண்ணி அழவில்லை.

"மூச்சு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ராத்திரி விடுற குறட்டை மாதிரியே வருது. வண்டி வருதா தம்பி?"

"லைன்லயே இருங்க அண்ணி. எப்படி விழுந்தார்?"

"மதிய வேலைக்குக் கிளம்பிட்டிருந்தார். சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டே எறங்கி வந்தார். மூணு போட்டுட்டார். நாலாவது போடல. நான் போட்டுவிட்டேன். வர்றவங்க முன்னால நெஞ்சத் தொறந்துட்டுக் கிடக்க வேணாம்னு."

எண்ணெய் விற்கிறவனுக்கு அழுத அண்ணி அவர். அந்தக் குரலில் ஈரமே இல்லை. இத்தனை வருடம் என் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவருக்குள் இப்படி ஒருத்தர் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் இன்னும் கேட்டேன். செருப்பு போட்டிருந்தாரா, எந்தப் பக்கம் தலை இருக்கிறது, காலையில் என்ன பேசினார். அண்ணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். காரணமில்லாமல் நான் கேட்கமாட்டேன் என்று நம்பினார். நடுவில் இரண்டு முறை "வண்டி வருதா தம்பி?" என்று கேட்டார். நான் வருகிறது என்று சொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒலிப்பதிவே சாட்சி.

பிறகு அண்ணி, "சத்தம் நின்னுடுச்சு தம்பி" என்றார்.

அப்போதுதான் பொத்தானை அழுத்தினேன். "வண்டி கிளம்பிடுச்சு அண்ணி" என்றேன். அப்போதாவது உடைவார் என்று காத்திருந்தேன். "சரிப்பா" என்று மட்டும் சொன்னார்.

வண்டி நிற்கும் கொட்டகை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மூன்று நிமிடத்தில் போய்விட்டார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இதை அவர் என்னிடமே சொன்னார். அதனால் இந்த முறை மறக்க வழியில்லை.

நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதை நீங்கள் நாசூக்காகச் சொல்லாமல் விட்டீர்கள். பரவாயில்லை, நானே சொல்கிறேன். வழக்கம்போல 'முகவரி தெளிவில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தேன். அடித்திருந்த முகவரியும் என் வேலைக் கோப்பில் இருக்கும் முகவரியும் ஒன்று. என் சொந்த வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெளிவில்லையாம். கைப்பழக்கம், வேறென்ன சொல்ல.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முகவரி எனக்குத் தெரியும். விழுந்து கிடப்பவர் என் அண்ணன் என்று தெரியும். பொத்தான் என் விரலுக்கு ஓர் அங்குலத்தில் இருந்தது. அண்ணி பேசுவதைக் கேட்க வேண்டும் என்பதற்காக அழுத்தாமல் இருந்தேன். ஏணிக்காரர் விஷயமும் அதேதான். நோட்டில் இருக்கும் மற்றவர்கள் விஷயமும் அதேதான். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. காரியமெல்லாம் முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ லைன்ல இருந்ததாலதான் தம்பி எனக்குத் தைரியமா இருந்துச்சு. வேற யாராவது எடுத்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றார். இன்னமும் இரவில் கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறார். தொலைக்காட்சியைப் போடுவதில்லை. எனக்காகச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்றுதான், நீங்கள் கேட்காததையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். இது என் மனசாட்சி சம்பந்தப்பட்டது.

நாளை அவரைக் கூப்பிட்டு அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். முன்கூட்டியே எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவரை அந்த ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்காரவையுங்கள், அங்கே வெளிச்சம் நன்றாக விழுகிறது. எனக்கு எதிர் நாற்காலி போதும், வாயே திறக்கமாட்டேன். அன்றைக்கு எனக்குக் குரல் மட்டும்தான் கிடைத்தது.