பக்கத்து வூட்டு பீரோ

எண்ணூர் தாண்டி மின்சார ரயில் சிக்னலுக்காக நின்றிருந்தது. எதிர் சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்திருந்த பெண், பக்கத்துத் தோழியிடம் திடீரென்று சொன்னாள்:

“வூட்டைக் காலி பண்ணுன்னா, பக்கத்து வூட்டு பீரோவையும் தூக்கிகினு போவுது ஸ்டெல்லா, என் ஸ்கிரிப்ட்.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னாடி சொல்ற கஸ்தூரி?”

“நம்ம சாஃப்ட்வேர் எந்தெந்த ஃபைலை உள்ள வெக்குதுன்னு ஸ்கிரிப்ட்தான் லிஸ்ட் எடுக்குது. சாஃப்ட்வேரே வேணாம்னு நீக்குனா, லிஸ்ட்ல கீறதெல்லாம் அழிஞ்சிடும். ஆனா ஸ்கிரிப்ட், சாஃப்ட்வேர் எறங்குற மொத்த ஃபோல்டரையும் எழுதி வச்சிகீது. கஸ்டமரோட சொந்த ஃபைலும் அதுலதான் கீது.”

“மத்தியானம் அனுப்பணுமேடி! பேஜாரு புடிச்ச ஸ்கிரிப்டை வுட்டுட்டு, லிஸ்டைக் கையாலயே எழுதிக் குட்த்துடு.”

“இன்னிக்கு எழுதுவேன். அடுத்த தபா? தனியா ஒரு காலி ஃபோல்டர்ல நம்ம சாமானை மட்டும் எறக்கி, அங்க லிஸ்ட் எடுக்கச் சொன்னா போதும். இதோ, மாத்திட்டேன்.”

“எதுல போட்டுப் பாப்ப?”

“இந்த லேப்டாப்லயேதான். சாஃப்ட்வேர் எறங்குற ஃபோல்டர்ல என் கல்யாண போட்டோவை வச்சிகீறேன்.”

“அடிப்பாவி! வேற எங்கனா காப்பி கீதா?”

“இருந்தா கவனம் அசந்துடும்.”

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. கஸ்தூரி சாஃப்ட்வேரை ஏற்றினாள், நீக்கினாள். நான் இறங்க வேண்டிய திருவொற்றியூர் போய்விட்டது.

“இன்னாடி ஆச்சு?”

“பாரு, மாலையும் கழுத்துமா கீறோம். எங்க வூட்டுக்காரு மட்டும் அன்னிக்கு மாதிரியே மொறச்சிகினு கீறாரு.”