பள்ளம் மேடான படம்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமே வராது, சார். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஒரு பொருளை வைத்தால், உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியேற இருபது நிமிடம் ஆகும். அதுவரை சும்மா உட்காரத் தெரிந்தவனுக்குத்தான் இந்த வேலை சரிப்படும்.

அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, சும்மா இருக்கவே வராது. பஸ் டிரைவர், வாய் ஓயாது. போன மாதம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “ஏன் மாப்ள, ஒண்ணுமில்லாததை லட்சம் மடங்கு பெருசாக்கிக் காட்டத்தானே உனக்குச் சம்பளம்?” என்றார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. அவளை இந்த மனிதர் கெடுத்துவிட்டார் என்று அன்றே புரிந்தது. மற்றபடி எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

மறுவாரம் அவரே ஆய்வகத்துக்கு வந்தார். பஸ்ஸிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங் பின்னைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். “திருப்பும்போது லேசா இடிக்குது, மாப்ள. பட்டறையில ஒண்ணுமில்லைங்கறாங்க, எனக்கு மனசு கேக்கல. நீ பாத்துச் சொன்னா நிம்மதியா ஓட்டுவேன்.”

பார்த்தேன். முடியைவிட மெல்லிய பள்ளம் ஒன்று. அதன் அடியிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. இங்கே ஒற்றைப் படத்தை நம்பக் கூடாது, சார். பொருளை இடப்பக்கம் சாய்த்து ஒன்று, வலப்பக்கம் சாய்த்து ஒன்று எடுத்துச் சேர்த்தால்தான் மேடு பள்ளம் தெரியும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் பள்ளம் மேடாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் செய்வார்கள். நான் தெரிந்து செய்தேன். ‘ஒட்டிய அழுக்கு. துடைத்துவிட்டுப் பொருத்தலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம் இரண்டும் அசல். ஒரு புள்ளியைக்கூட நான் திருத்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தான் என் தோளில் தட்டி, “உன் கண்ணுதான்டா கண்ணு,” என்றார்.

ஒன்பதாம் நாள் பாலத்து வளைவில் அந்த ஸ்டீயரிங் பின் முறிந்து, பஸ் ஆற்றில் விழுந்தது. நான் பத்து நாள் என்று கணித்திருந்தேன். பஸ்ஸில் இன்னும் பதினான்கு பேர் இருந்தார்களே என்கிறீர்கள். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அக்கா வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அழுது தீர்க்கட்டும், நாளாக ஆகச் சரியாகிவிடும். அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லுங்கள். இனி அந்த வீட்டில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.