யோகா அக்காவோடு இருந்தவர்

இரவு பதினொன்று பத்து. மலைச்சரிவை ஒட்டிப் போகிற தெரு. இடது பக்கம் கம்பி வேலி, அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு... எவ்வளவு ஆழம் என்று தெரியாது, பனிமூட்டம் நிரம்பிக் கிடக்கும். வலது பக்கம் தள்ளித் தள்ளி நாலைந்து வீடுகள். எல்லாவற்றிலும் விளக்கு அணைந்துவிட்டது. அந்தத் தெருவில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறார்.

தனியாக என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

என்னோடு வேலை செய்கிற கிரிஜாவை உங்களுக்குத் தெரியும். இது அவளுடைய அக்கா யோகாவுக்கு நடந்தது. போன வருடம், 2012, ஜூன் மாதம், இங்கே குளிர்காலம். இங்கே ஹோம்புஷிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் புளூ மவுண்டன்ஸில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தாதி வேலை கிடைத்து அக்கா போனார். ஒரு பேக்கரி, ஒரு மருந்துக்கடை, ஒரு ரயிலடி. ஊரிலேயே தமிழ் என்று பார்த்தால் அக்கா ஒருவர்தான். கறி சமைத்தால் தெருமுனை வரை தெரிந்துவிடும். புதுக் கோட் வாங்கினால் மறுநாள் தபால்காரர் நன்றாயிருக்கிறது என்பார். அப்படி ஊர்.

மாலை வேலை முடியப் பதினொன்றாகும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. கால் மணி நேரம் அந்தத் தெருவால் நடந்து வீட்டுக்கு வருவார்.

முதலில் பேக்கரியில்தான் தொடங்கியது. கோப்பி ஒன்று கேட்டார். பேக்கரிக்காரர் இரண்டு கப் வைத்தார். ஒன்றுதானே கேட்டேன் என்று அக்கா சொன்னதும், அவர் அக்காவின் தோளுக்கு அப்பால் ஒரு தரம் பார்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்டு ஒரு கப்பை எடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டு மார்கரெட். எழுபது வயது, எந்த நேரமும் ரோஜாச் செடிகளோடு நிற்கிற மனுசி. வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "உன்னுடைய கணவருக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடு, பிள்ளை. இந்தக் குளிருக்குள் வெறுங்காலோடு நடக்கிறாரே."

அக்கா கல்யாணமே செய்யவில்லை.

அன்றிரவு கிரிஜாவுக்கு போன் எடுத்தார். "இவையள் என்னை வைச்சு விளையாடுகினம் போல கிடக்கடி."

"வயசான மனுசி அக்கா. ஆரையாவது மாறிப் பாத்திருக்கும்."

"இல்லை. பேக்கரிக்காரனும் அப்பிடித்தான் பாத்தவன். எல்லாரும் கதைச்சு வைச்சுத்தான் செய்யினம். நான் ஆரையோ வீட்டுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டு நினைக்கினம்."

அக்கா அப்படி நினைத்ததில் பிழையில்லை. அந்த வருடம் ஒவ்வொரு நாளும் செய்தியில் அகதிப் படகுதான். எங்களுடைய முகத்தைக் கண்டாலே எப்படி வந்தாய் என்று கேட்ட காலம். அக்கா வேலை விசாவில் வந்தவர், ஆனால் நிரந்தரமாகவில்லை. யாராவது ஒருவர் முறைப்பாடு எழுதிப் போட்டால் போதும்... கறி சமைப்பதை விட்டார். பகலிலும் யன்னல் திரையை இழுத்து மூடினார். மார்கரெட்டைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஆனால் இரவில் நடக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டார். தன்னுடைய சப்பாத்துச் சத்தம். டக்... டக்... நின்றால் அதுவும் நிற்கும். வேறொன்றும் இல்லை.

ஒரேயொரு நாள், இவர் நின்ற பிறகு, பின்னால்... சளக்.

நனைந்த துணி காலில் அடிக்கிற மாதிரி. கூடவே ஒரு வாடை. கடல் வாடை. உப்பும் பாசியும் சேறும் கலந்த, அக்கா பிறந்த ஊர்க் களப்புக்கரை வாடை. அந்த ஊர் ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடலுக்கு நூறு கிலோமீற்றர் போகவேண்டும்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள், எல்லா இடமும் தேடினார். ஒருவரும் இல்லை.

பாருங்கள், பாஸ்கர் சிரிக்கிறான். சிரி. நானும் முதலில் சிரித்தவன்தான்.

ஆகஸ்டில் வாடகை ஏஜென்சியிடமிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது, வீட்டில் இருவர் இருப்பதாக அறிகிறோம், பார்க்க வருகிறோம் என்று. அக்காவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. "நான் சொன்னனான்தானே! அந்த மனுசிதான் சொல்லிக் குடுத்திருக்கு. வரட்டும், வந்து வடிவாப் பாக்கட்டும்" என்று கிரிஜாவிடம் கத்தினார்.

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, நல்ல வெயில். வந்தவர் இளம் ஆள். அக்கா ஒவ்வொரு கதவையும் தானே திறந்து காட்டினார். அறையில் ஒரு கட்டில், ஒரு தலையணை. குளியலறையில் ஒரு பல்துலக்கி. அவரும் தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தார். கடைசியாகக் குசினி. அக்கா பின்னால் நிற்க, அவர் கதவைத் தள்ளித் தலையை உள்ளே நீட்டினார். முகம் சிவந்துவிட்டது.

"மன்னிக்கவேண்டும், சேர். சாப்பிடும்போது குழப்பிவிட்டேன்."

குசினிக்குள் பார்த்துத்தான் சொன்னார். மெல்லக் கதவைச் சாத்தினார். பிறகு அக்காவிடம் திரும்பி, "அவருடைய பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால் சரி, பிரச்சினை ஒன்றுமில்லை" என்றார்.

அவர் போனதும் அக்கா கதவைத் திறந்தார். ஒரு மேசை. ஒரு கதிரை. யாருமில்லை. கதிரைக்குக் கீழே நிலம் ஈரமாயிருந்தது. அந்த வாடை...

அக்கா கத்தவில்லை. கைப்பையை எடுத்தார், வீட்டுச் செருப்போடு ரயிலடிக்குப் போனார். திரும்பி அந்த ஊருக்குப் போகவேயில்லை. சாமான்களைக் கிரிஜாவின் கணவர்தான் போய் ஏற்றி வந்தார்.

ஹோம்புஷில் கிரிஜாவின் பிளாட்டில் தங்கினார். வேறொரு இல்லத்தில் பகல் வேலை கிடைத்தது. செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர்... ஆள் தேறிவிட்டார். தெருவில் நடந்தால் யாரும் தோளுக்கு அப்பால் பார்ப்பதில்லை. "அந்தக் குளிருக்கு ஊர்ச்சனத்துக்கே மண்டை பிழைச்சுப்போச்சு" என்று தானே பகிடி விட்டார்.

டிசம்பரில் மார்கரெட்டிடமிருந்து ஒரு கிறிஸ்மஸ் கார்ட் வந்தது. ஏஜென்சியில் கெஞ்சி விலாசம் வாங்கியிருக்கிறார். கிரிஜாதான் உடைத்தாள், உரத்து வாசித்தாள்.

"அன்பான யோகா, நீ சொல்லாமல் போனது எங்களுக்குக் கவலை. அவர் இன்னும் உன் வீட்டு வாசலில்தான் நிற்கிறார், மழையிலும் நிற்கிறார். உங்களுக்குள் என்ன கோபமோ, எங்களுக்குத் தெரியாது. ஆனால் பண்டிகை வருகிறது. நேற்று நானும் பேக்கரிக்காரரும் சேர்ந்து அவரை ரயிலில் ஏற்றிவிட்டோம். உன் புது விலாசத்தை எழுதிக் கையில் கொடுத்திருக்கிறேன். மிகவும் சந்தோஷப்பட்டார். முதல்முறையாகத் தன் பெயரையும் சொன்னார். சரியாக எழுதுகிறேனோ தெரியாது..."

அந்தக் கார்ட் தபாலில் வர மூன்று நாள் எடுத்திருந்தது. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் போதும்.

பெயரை வாசிக்க முதல் அக்கா கார்டைப் பறித்தார். கீழே பார்த்தார். பிறகு அறைக்குள் போனார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

அந்தக் கார்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மார்கரெட்டின் குண்டு குண்டு எழுத்து, எல்லாம் அப்படியே இருக்கிறது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஒரு சதுர ஓட்டை.

அன்றிரவு கிரிஜா கேட்டாள்: "ஆரக்கா அது?"

அக்கா வாசல் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"வாசல் கதவைப் பூட்டாதை."