வத்சலா கோல் மார்க்கெட் டாட் காம்

நல்ல இணையதளப் பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் போதும். எதிர்முனையில் இருப்பவர் மறுபடி கேட்கக் கூடாது. கம்ப்யூட்டர் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதுதான், சுபாஷிணி. உன் அம்மாவுக்கு அப்படியொரு பெயரைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு தன் பெயரும் தில்லியில் வீடு இருக்கும் கோல் மார்க்கெட்டும் மட்டும்தான் அவருக்கு நினைவில் நின்றன. அவர் காணாமல் போன வருஷம் நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா கீழே என் வீட்டுக்கு வந்து, "ஏதோ வெப்சைட்னு சுபாஷிணி சொல்றாளே, போட்டுக் குடேன் ஜோதிலிங்கம்" என்றார். வெறும் வத்சலாவை யாரோ ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள். அதனால் கோல் மார்க்கெட்டைச் சேர்த்தேன். அவரைக் கண்டெடுப்பவர் காதில் விழப்போவது அந்த இரண்டும்தானே.

வீட்டு எண்ணைப் போட வேண்டாம், கண்டவனும் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பான் என்றேன். உன் அப்பா தலையாட்டினார். பெயரை என் பேரில் பதிந்தேன். வரும் மின்னஞ்சலெல்லாம் எனக்கு மட்டுமே வந்தது.

தொண்ணூற்று மூன்றில் நம் குவார்ட்டர்ஸில் உங்கள் வீட்டில் மட்டும்தான் தொலைபேசி. அவசரத்துக்குக் கூப்பிட அதைத்தான் ஊரில் பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தேன். அம்மாவுக்கு முடியவில்லை, அண்ணனை உடனே வரச் சொல்லுங்கள் என்று என் தங்கை பவுனு அழைத்தாள். உன் அப்பா அதை என்னிடம் சொன்னது மூன்றாம் நாள், பால் பூத் வரிசையில். "படி எறங்கணுமேன்னு, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். அச்சா, மறந்தே போச்சு."

கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நான். போய் இறங்கியபோது அஸ்தி கூடக் கரைத்தாகிவிட்டது. அதன்பின் உன் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்றாம் நாள் நினைவுக்கு வரும். வணக்கம் சொல்ல மட்டும் தவறியதில்லை.

ஹரித்வார் சத்திரத்தில் உன்னிடம் சொன்னது உண்மைதான். தீபாவளிக்கு முன்பே அந்தச் சத்திரத்துக்காரர்கள் படத்தோடு எழுதிவிட்டார்கள். பெயர் அவ்வளவு நல்ல பெயர். படத்தில் உன் அம்மா கொஞ்சம் இளைத்திருந்தார். இவர் இல்லை என்று பதில் போட்டேன். நன்றியும் எழுதினேன், பாவம், நல்ல மனிதர்கள்.

ஜனவரிக் குளிரில் அவர் போய்விட்டார் என்று மறுபடி எழுதினார்கள். உறவினர் யாரும் தெரியவில்லை, நாளைக்குத் தகனம், எதற்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறோம் என்று. தகனம் முடிந்திருக்கும் என்று நிச்சயமான பிறகு மாடி ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னைக்கே தகவல் வந்துச்சு சார். படி ஏறணுமேன்னு, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எல்லாம் செய்தேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எட்டு வருஷம் காத்திருந்தேன்.

உன் அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீயாவது வந்து சொன்னியேப்பா" என்றார். அவருக்கு எதுவுமே நினைவில்லை. ஞாபகமறதி உன் அம்மாவுக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.