நாற்பத்தேழு நிற்கவில்லை

டெய்லம் பெண்ட் ஊருக்கு வெளியே, லாரிக்காரர்கள் சாப்பிட நிறுத்தும் ரோட்ஹவுஸில், ஹீட்டரை நெருங்கி உட்கார்ந்திருந்த ஐந்து டிரைவர்களுக்கு ஓரிரவு கென்னோ சொன்னது இது. அவன் மனைவியின் அண்ணன் கிளைவுக்கு நடந்ததாம்.

அதிகாலை மூன்று பத்து. மலையிலிருந்து அடிலெய்டுக்கு இறங்கும் சாலை... வேறு ஒரு விளக்குகூட இல்லை. அந்த இறக்கத்தில்தான் லாரி டிரைவர் டெஸ் செத்தான்.

கிளைவுக்கு லாரிக் கம்பெனி அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு டிரெய்லரிலும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் டிரெய்லர் எவ்வளவு பிடித்தது என்று அது கணினிக்குச் சொல்லும். பிடிப்பு குறைந்து திரையில் மஞ்சள் வந்தால் வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்ப்பதுதான் கிளைவின் பொறுப்பு.

நாற்பத்தேழாம் டிரெய்லர் ஆறு நாளாக மஞ்சள். அதை ஓட்டிய டெஸ்ஸே வந்து கிளைவிடம் சொன்னான்.

"பின்னாடியிருந்து தள்ளுது மேட். யாரோ முதுகுல கை வச்ச மாதிரி இருக்கு."

"உன் மாமியாரா இருக்கும்."

டெஸ் சிரித்துக்கொண்டே போனான். கோதுமை அறுவடை நேரம். ஒரு டிரெய்லர் நின்றாலும் மேலே இருப்பவர்கள் கத்துவார்கள். 'காலி வண்டி, எடை இல்லாததால் அளவு குறைவு' என்று எழுதி, கிளைவ் மஞ்சளை மூடினான். அது பச்சையாயிற்று. வண்டி காலியா என்று அவன் பார்க்கவே இல்லை.

மறுநாள் அந்த இறக்கம்.

டெஸ் சரியான கியர் போடவில்லை என்று விசாரணையில் முடிவானது. அறிக்கையில் எல்லாம் பச்சை. கிளைவை யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்தபின் டெஸ்ஸின் மனைவி ரேலீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பது வருஷம் ஓட்டினவரு... எப்படித் தப்புப் பண்ணாருன்னே புரியல."

வந்தவர்களுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து கிளைவ் ஒரு சாண்ட்விச் எடுத்தான். தின்னவும் தின்றான்.

மூன்றாம் வாரம். மூன்று பத்துக்குத் தலைமாட்டில் ஃபோன் அதிர்ந்தது. அந்தப் பெட்டிகளின் செய்தி அதற்கும் வரும். டிரெய்லர் நாற்பத்தேழு. பிரேக் மிதிக்கப்பட்டது. பிடிப்பு இல்லை. மறுபடி... மறுபடி... நாற்பது முறை. அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த டிரெய்லர் நசுங்கி, பழைய இரும்புக்குப் போய்விட்டது. பெட்டியைக் கழற்றி மேசை டிராயரில் பூட்டியவனே கிளைவ்தான்.

அறையெல்லாம் தீய்ந்த பிரேக் வாடை. பக்கத்தில் மனைவி அசையாமல் தூங்கினாள்.

தினமும் அதே நேரம். பதினொன்றாம் இரவு, நாற்பது வரிகளுக்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. 'சரிபார்த்து மூடியவர்: கிளைவ்.' அவன் ஃபோனைத் தொட்டிருக்கவில்லை.

விடிந்ததும் தேவாலயத்தில் மண்டியிட்டான். கடவுளிடம் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. அங்கிருந்து ரேலீன் வீடு பத்து நிமிடம். போய்ச் சேர மதியமாகிவிட்டது.

"அவர் கியர் சரியாத்தான் போட்டிருப்பாரு. தப்பு என்னோடது," என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னான்.

ரேலீன் எழுந்துபோய் டெஸ்ஸின் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள். "நடுங்குற நீ," என்றாள். "எழுதிக் குடு கிளைவ். அவரு நல்ல பேரை மட்டும் திருப்பிக் குடுத்துடு."

அன்று மாலையே எழுதிக் கையெழுத்திட்டு விசாரணை அதிகாரிக்கு அனுப்பினான். வேலை போகும் என்று தெரியும். வழக்கும் வரலாம்.

அன்றிரவும் மூன்று பத்து. ஒரே ஒரு வரி வந்தது. டிரெய்லர் நாற்பத்தேழு. நின்றது. பார்க்கிங் பிரேக் போடப்பட்டது. இடம்... ரேலீனின் தெரு.

உடனே அவளே கூப்பிட்டாள்.

"கிளைவ், வாசல்ல காத்து விடுற சத்தம் கேட்டுச்சு. லாரி நிறுத்தினா வருமே, அது. இப்ப யாரோ பூட்ஸ் கழட்டுறாங்க."

"கதவத் திறக்காத ரேலீன்."

"ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காரு," என்றாள் மெதுவாக. ஃபோனை எங்கோ வைத்தாள். இணைப்பைத் துண்டிக்கவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. நாற்காலி இழுபட்டது. பிறகு, மேசைமேல் ஒன்றன்பின் ஒன்றாக... இரண்டு கோப்பை வைக்கும் சத்தம்.