திருப்பிக் கேட்ட ரத்தம்

வில்லாபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் இருந்தார்கள். "எங்கிட்ட எடுத்த ரத்தத்தத் திருப்பிக் குடு" என்று தங்கை சத்தமாகச் சொன்னதும், நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மெதுவாப் பேசு. பஸ்ஸுக்கே கேக்குது" என்றார் அக்கா.

"கேக்கட்டும். உன் ஆராய்ச்சியால எம்மக கல்யாணம் நின்னுபோச்சு. மறதி வியாதி நம்ம பரம்பரையிலயே ஓடுதாம். பொண்ணு வேணாம்ட்டாக."

"கிறுக்கி, உனக்கு வியாதி இருக்குன்னா எடுத்தேன்? அந்த வியாதி வரப்போறத ரத்தத்துலயே முன்னாடி கண்டுபிடிக்கத்தான் இம்புட்டு வருசமா மல்லுக்கட்டுறேன். நோயாளி ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாக்க, நல்லா இருக்கவுக ரத்தமும் வேணும். அதுக்குத்தான் உங்கிட்ட எடுத்தேன்."

"இத மாப்ள வீட்டுல போயிச் சொல்லு."

"சொல்றேன். நீ ரத்தம் குடுக்குறத அவுககிட்ட எந்த வீணாப்போனவ சொன்னா?"

தங்கை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"நாந்தான். எங்கக்கா பெரிய சயின்டிஸ்ட்டு, வருசா வருசம் எங்கிட்டதான் ரத்தம் எடுக்கும்னு பெருமையாச் சொன்னேன். அவுக வேற மாதிரி எடுத்துக்கிட்டாக."

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "இனிமே வேணாம்னு எழுதிக் குடுத்துரு. எடுத்த ரத்தம் பூராத்தையும் அழிச்சிரச் சொல்றேன்."

"அழிப்ப, அழிப்ப! அந்தக் கூறுகெட்டவுகளுக்காகவா அழிப்ப? தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்."